தாயின் ஊசியும் மகளின் தாளமும்

வீணை, வயலின், மிருதங்கம், ஆர்மோனியம் முதலியன இருக்கும் வீட்டை இசையறிந்த வீடு என்கிறோம். இவை இல்லாத வீட்டில் இசையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதும் நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை நமக்கு உணர்த்தியோர் இருவர். ஒருவன் நம் மாணவன். மற்றவர் கடல் கடந்து வாழும் ஒரு தமிழ்ப் பெண்மணி.

நாம் குடியிருப்பது எம்பிலிப்பிட்டியவில். வளவை கங்கையின் நீர் பாயும் வயல்களும் சந்திரிகா வாவியும் சூழ்ந்த தாழ்நிலம் அது. காலையில் பஸ் ஏறிக் கொடகவெலையைக் கடந்து மேலே செல்லச் செல்ல, வயல்கள் மறைந்து இறப்பரும் தேயிலையும் தோன்றும். அங்கே தோட்டப் பிள்ளைகள் பயிலும் ஒரு கல்லூரியில் நாம் தமிழ் கற்பிக்கின்றோம். சென்ற ஆண்டு விழாவொன்றின் பொருட்டு, யார் யார் எந்த வாத்தியம் வாசிப்பர் என்றறிய ஒரு படிவம் கொடுத்திருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவனொருவன் அதனை வெறுமையாகவே திருப்பித் தந்தான். ஆனால் அன்று முழுவதும் இரண்டு பேனாக்களைக் கொண்டு அவன் மேசைமீது தட்டிய தாளம் அடுத்த வகுப்பு வரை கேட்டுக்கொண்டிருந்தது!

"உன் வீட்டில் வாத்தியம் எதுவும் இல்லையா, தம்பி?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் இல்லைங்க சேர். தப்பு மட்டுந்தான் இருக்கு. திருவிழாவுக்கு அப்பா அடிப்பாங்க" என்றான்.

'மட்டுந்தான்' என்ற அச்சொல் நம்மை வருத்தியது. அவனைக் குறை கூறுவதற்கில்லை. படிவத்தை எழுதியவர்கள் நாமே. அதில் ஐந்து வாத்தியங்களின் பெயரை வரிசையாக எழுதினோம். தப்பின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்ற எண்ணமே நமக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவரே மாதங்கி அருள்பிரகாசம். மாயா என்று வீட்டாரால் அழைக்கப்படும் இவர், எம்.ஐ.ஏ. என்னும் மேடைப் பெயரால் உலகறிந்த பொப் இசைக் கலைஞர். பாட்டை எழுதுபவரும் இவரே, பாடுபவரும் இவரே, ஒலிகளைத் தேர்ந்து கோத்துத் தயாரிப்பதிலும் பங்கு கொள்பவர் இவரே.

பொப் இசை நம் நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய துள்ளிசைப் பாடல்களை வானொலியிற் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கின்றது. ஆயினும் மேலைநாட்டுப் பொப் இசையின் நடு அரங்கிலே சென்று நின்ற முதல் ஈழத் தமிழ்ப் பெண் என்று சொல்லத் தக்கவர் மாதங்கியே. அவ்வரங்குக்கு அவர் கொண்டு சென்றது என்ன என்பதுதான் நம் மாணவர் அறிய வேண்டிய செய்தி.

இரண்டு 'எஸ்டேட்'கள்

மாதங்கி 1975ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18ஆம் நாள் இலண்டனைச் சார்ந்த ஹவுன்ஸ்லோவிற் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாய் இருக்கும்போதே பெற்றோர் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு வந்தனர். தந்தையார் அருளர் என்ற பெயரால் அறியப்பட்டவர். அரசியல் இயக்கமொன்றைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 'லங்கா ராணி' என்னும் நாவலை எழுதியவர். இயக்க வாழ்வினர் ஆதலால் அவர் வீட்டில் தங்கியது அரிது. பிள்ளைகளை வளர்க்கும் பாரம் முழுவதும் தாயார் கலாவின் தோள்களில் விழுந்தது. யாழ்ப்பாணம், சில காலம் சென்னை, மறுபடியும் யாழ்ப்பாணம் என அலைந்த அக்குடும்பம், போர் முற்றிய வேளையில், 1986ஆம் ஆண்டு அகதிகளாக இலண்டன் சென்றது.

அங்கே அவர்கள் குடியேறிய இடம் மிச்சம் என்னும் பகுதியிலுள்ள பிப்ஸ் பிரிட்ஜ் 'எஸ்டேட்'. நமக்கு எஸ்டேட் என்றால் தேயிலையும் இறப்பரும் லயமும் நினைவுக்கு வரும். இலண்டனிலோ, நகரசபை எளிய மக்களுக்கெனக் கட்டிக் கொடுத்த அடுக்கு வீட்டுத் தொகுதியை அப்பெயரால் அழைப்பர். பொருள் வேறாயினும் ஓர் ஒற்றுமை உண்டு. எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால், பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் அங்கும் இருந்தனர்; இங்கும் இருக்கின்றனர்.

தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி மாதங்கிக்கு அப்போது ஆங்கிலம் சரிவர வாராது. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டி திருட்டுப் போய்விட்டதாகவும், அதன் பின்னர் பக்கத்து வீட்டிலிருந்து சுவரைக் கடந்து வந்த 'ஹிப் ஹொப்' இசையே தமக்குத் துணையாயிற்று என்றும் அவர் பின்னாளிற் கூறியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின இளைஞர், விலையுயர்ந்த வாத்தியங்கள் கைக்கெட்டாத நிலையில், பழைய இசைத்தட்டுகளையும் தம் குரலையுமே மூலதனமாகக் கொண்டு ஆக்கிய இசை அது. பாட்டை இராகத்தில் இழுக்காமல், தாளக்கட்டுக்குள் சொல்லை அடுக்கிப் பேசுவது அதன் இயல்பு. மொழி அறியாத சிறுமிக்கு முதலில் தாளம் புரிந்தது. பொருள் பின்னர் வந்தது.

கனடியப் பாடகி காட்டிய பெட்டி

இத்துணை இசை ஆர்வம் இருந்தும் அவர் இசை பயிலவில்லை. இலண்டனிலுள்ள சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்னும் புகழ்பெற்ற கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படக் கலையும் கற்றார். இலாஸ்டிகா என்னும் ஆங்கில இசைக்குழுவின் தலைவியான ஜஸ்டீன் பிரிஷ்மன் அவருடைய தோழியானார். அக்குழுவின் இசைத்தட்டு ஒன்றுக்கு மாதங்கி அட்டைப்படம் அமைத்தார். அவர்கள் அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்தபோது படப்பிடிப்புக் கருவியுடன் உடன் சென்றார்.

அப்பயணத்தில் அதே மேடைகளில் பாட வந்தவர் பீச்சஸ் என்ற கனடியப் பாடகி. டொரன்டோவைச் சேர்ந்த இவரும் தாமே எழுதி, தாமே பாடி, தாமே தயாரிப்பவர். பாடகியாவதற்கு முன் சிறுவர்க்கு இசையும் நாடகமும் கற்பித்த ஆசிரியை என்பது நம்மைப் போன்றோர்க்கு மகிழ்வளிக்கும் செய்தி. இவருடைய பாடல்கள் பல குடும்பத்தினர் ஒன்றாய் அமர்ந்து கேட்கத் தக்கன அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆசிரியர் வேலையை அவர் முழுவதும் விட்டுவிடவில்லை போலும்! ரோலண்ட் எம்.சி. 505 என்னும் சிறு பெட்டியொன்றை மாதங்கிக்குக் காட்டி, "நீயே செய்து பார்" என்று ஊக்கியவர் அவரே.

அப்பெட்டி என்ன செய்யும்? ஜப்பானிய நிறுவனமொன்று ஆக்கிய கருவி அது. மத்தளம், தாளம், நரம்புக் கருவி எனப் பலவகை ஒலிகள் அதனுள் அடங்கியிருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் ஓர் ஒலி பிறக்கும். நாம் தட்டும் வரிசையை அது நினைவிற் கொண்டு, நிறுத்தச் சொல்லும் வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். நம் தாள முறையில் ஆவர்த்தனம் சுழன்று வருவதைப் போன்றது என்று கொள்ளலாம். ஓர் ஆவர்த்தனத்தின்மேல் இன்னோர் ஆவர்த்தனத்தை ஏற்றி, அதன்மேல் மூன்றாவதை ஏற்றி, ஒருவரே ஒரு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்துவிடலாம். காது வேண்டும், பொறுமை வேண்டும், பக்கவாத்தியக்காரர் வேண்டியதில்லை.

மாதங்கியிடம் அக்கருவியை வாங்கப் பணம் இருக்கவில்லை. தோழி பிரிஷ்மனிடம் இரவல் பெற்றார். சாதாரண ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் துணைக்கொண்டு சில பாடல்களைத் தாமே அமைத்தார். அவற்றுள் ஒன்றான 'கலாங்' 2003ஆம் ஆண்டு வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. நடன அரங்குகளிலும் இணையத்திலும் அது கைமாறிக் கைமாறிப் பரவிற்று. அடுத்த ஆண்டு எக்ஸ்.எல். ரெக்கோர்டிங்ஸ் என்னும் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. இரவற் பெட்டியிற் பிறந்த தாளம் ஈராண்டுக்குள் கண்டங்களைக் கடந்தது!

தந்தையின் பெயர், தாயின் பெயர்

2005ஆம் ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு அவர் 'அருளர்' என்று பெயரிட்டார். வீட்டில் இல்லாத தந்தையை வீட்டுக்கு அழைக்க இதைவிட வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. தந்தையார் என்றேனும் தம் பெயரை இணையத்தில் தேடுவார். தேடினால் மகளின் பாட்டு கிடைக்கும் என்பது அவர் எண்ணம். தந்தையிடமிருந்து செய்தியும் வந்ததாம். மகளைக் குறித்துப் பெருமை கொள்வதாகவும், ஆனால் தொகுப்பின் பெயரை மாற்றிவிடும்படியும் அவர் எழுதினாராம். மகள் மாற்றவில்லை. அவ்வாண்டு பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கு இறுதியாகத் தெரிவு செய்யப்பட்ட தொகுப்புகளுள் 'அருளர்' ஒன்றாயிற்று.

இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவிற் செய்து முடிக்க எண்ணியபோது, 2006ஆம் ஆண்டு, அந்நாட்டு விசா அவருக்குத் தடைப்பட்டது. வேறொருவராயின் மனமுடைந்து இலண்டனிலேயே இருந்திருப்பர். இவரோ வாயில் திறந்திருந்த நாடுகளுக்கெல்லாம் சென்றார். இந்தியா, டிரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா எனச் சென்ற இடமெல்லாம் ஒலிகளைச் சேகரித்தார். 2007ஆம் ஆண்டு வெளிவந்த அத்தொகுப்பின் பெயர் 'கலா'. முதலாவது தந்தையின் பெயர். இரண்டாவது தாயின் பெயர். கொள்கை பேசிய தந்தைக்கு ஒன்று. அடுப்பெரித்துப் பிள்ளைகளைக் காத்த தாய்க்கு ஒன்று.

சென்னையில் அவர் தேடிச் சென்றது எதை என்று எண்ணுகிறீர்கள்? சபாக்களின் வீணையை அன்று, உறுமி மேளத்தை! உறுமி இருமுக வாத்தியம், இடை சிறுத்தது. ஒரு முகத்தின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, விலங்கு உறுமுவதைப் போன்ற ஓசை எழும். மறு முகத்தை மற்றொரு குச்சியால் அடிப்பர். திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் முழங்கும் இக்கருவியை மேடைக்கு உரியதன்று என்று ஒதுக்கி வைத்தோர் பலர். அந்த உறுமிக் கலைஞரை ஏ. ஆர். ரகுமானின் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்து பதிவு செய்தார் மாதங்கி. நியூயோர்க்கிலும் டோக்கியோவிலும் இளைஞர் அத்தாளத்துக்கு ஆடினர்.

இவ்விடத்தில் தப்பைப் பற்றி ஒரு சொல். வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரு குச்சிகளால் அடிக்கும் கருவி அது. ஒரு காலத்தில் தோட்டத்தின் விடியலே தப்போசையில்தான் தொடங்கிற்று. தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது அதுவே. மாசி மாதத்திற் காமன் கூத்து நடைபெறும்போது, அக்கூத்தின் உயிர்மூச்சும் அதுவே. இத்துணைச் சிறப்பு இருந்தும், அடிப்பவரின் சாதியைச் சொல்லி அக்கருவியையும் தாழ்த்தி வைத்தோம். கருவிக்குச் சாதி ஏது? சாதி நம் காதுகளில் இருந்தது. நம் படிவத்திலும் இருந்தது.

காகித விமானம்

'கலா' தொகுப்பிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாடலே அவரை உலகெங்கும் கொண்டு சென்றது. குடியேறி வருவோரையெல்லாம் குற்றவாளிகளாகக் காணும் மனப்பான்மையைக் கேலி செய்யும் பாட்டு அது. விசா மறுக்கப்பட்ட அனுபவமே அதன் வித்து. 'தி கிளாஷ்' என்ற ஆங்கிலக் குழுவினர் 1982இல் வெளியிட்ட பாடலொன்றின் இசைத்துணுக்கு அதில் அடிநாதமாக அமைந்துள்ளது. பழைய பாட்டின் ஒரு பகுதியை எடுத்துப் புதிய பாட்டுக்கு அத்திவாரமாக இடும் இம்முறை பொப் இசையில் இன்று பெருவழக்கு. எடுத்தவர் யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும். ஆக்கியோர் பட்டியலில் பழையவர்களின் பெயரும் சேரும். இதிலும் அவ்வாறே சேர்ந்தது. பார்த்தெழுதும் பழக்கமுள்ள மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளுக!

2008ஆம் ஆண்டு அப்பாடல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை ஏறிற்று. 'ஸ்லம்டோக் மில்லியனர்' திரைப்படத்திலும் அது இடம்பெற்றது. அப்படத்துக்காக ரகுமானும் மாதங்கியும் சேர்ந்து ஆக்கிய 'ஓ... சயா' என்ற பாடல் 2009ஆம் ஆண்டின் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் நடைபெற்ற கிராமி விழாவில், நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையேறிப் பாடினார். சில நாட்களில் மகனைப் பெற்றெடுத்தார்.

புகழும் பூசலும்

புகழ் வந்தவிடத்துப் பூசலும் வந்தது. 2009இல் நம் நாட்டுப் போர் முடிவுறும் வேளையில் அவர் வெளியிட்ட கருத்துகளைப் போற்றினோர் உண்டு. கடுமையாய்க் கண்டித்தோரும் உண்டு. 2012ஆம் ஆண்டு, அமெரிக்கக் காற்பந்தாட்டப் பெருவிழாவில் மடோனாவுடன் பாடும்போது, நாகரிகமற்ற கைச்சைகை ஒன்றைச் செய்துவிட்டார். கோடிக்கணக்கானோர் பார்த்திருந்த நிகழ்ச்சி அது. விளையாட்டுச் சங்கம் அவர்மீது பெருந்தொகை கோரிற்று. 2014இல் அவ்விவகாரம் இணக்கமாக முடிந்தது. அச்செயலை நாம் போற்றவில்லை. ஒருவரிடம் கற்க வேண்டியதைக் கற்பதற்கு, அவரிடம் குறையே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டு வெளிவந்த நான்காவது தொகுப்புக்குத் தம் சொந்தப் பெயரையே சூட்டினார்: 'மாதங்கி'. தம் பெயருக்குரிய தேவி யார் என்று தேடியறிந்தபோது தமக்கு வியப்பு மேலிட்டதாக அவர் கூறியிருக்கிறார். நம் சமய மரபில் மாதங்கி, இசைக்கும் வாக்குக்கும் உரிய தேவி. கையில் வீணை ஏந்தியவள். சியாமளை என்றும் போற்றப்படுபவள். அவளைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. தீண்டத் தகாதோர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் குலத்தோடு அவளைச் சேர்த்துப் பேசுவது தாந்திரிக மரபு. பிறர் உண்டு எஞ்சியதை அவளுக்குப் படைப்பதும் உண்டு. வீணையும் விலக்கப்பட்டோரும் ஒரே தெய்வத்தினிடம் கூடியிருக்கின்றனர்! மாதங்கியைத் துதித்துக்கொண்டே தப்பை வெளியே நிறுத்திய நம் அறியாமையை என்னென்பது? இப்பாடகி பின்னாளில், 2022இல், இயேசுநாதரைத் தரிசித்துக் கிறிஸ்தவத்தைத் தழுவியதாகக் கூறினார். அஃது அவருடைய நம்பிக்கை. அவர் பெயரால் நாம் கற்ற பாடம் நம்முடையது.

பதக்கத்தைத் தைத்த கை

2019ஆம் ஆண்டு, இசைப் பணிக்காகப் பிரித்தானிய அரசியார் பெயரால் அப்போது வழங்கப்பட்டு வந்த எம்.பி.ஈ. விருது மாதங்கிக்கு அறிவிக்கப்பட்டது. அரசுகளை ஓயாது குறை கூறிவந்த ஒருவர் அரச விருதை ஏற்பாரோ என்று பலர் ஐயுற்றனர். அவர் ஏற்றார். ஏற்றதற்கு அவர் கூறிய காரணம் நம் கண்களைக் கலங்கச் செய்தது. போரிலிருந்து தப்பி இலண்டன் வந்த அவருடைய தாயார், குறைந்த கூலிக்குப் பல்லாண்டு செய்த தையல் வேலை எது தெரியுமா? அரச விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையே அது! யார் யாரோ மார்பில் அணிவதற்கென அத்தாய் ஊசி பிடித்தார். பின்னர் ஒருநாள் அவ்விருது அவர் மகளுக்கே வந்தது. தாயின் உழைப்பை மதித்தே இவ்விருதை ஏற்கிறேன் என்றார் மகள்.

பள்ளிக்கூடங்களில் நாம் பிள்ளைகளிடம் "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை. "உன்னிடம் என்ன இல்லை?" என்று கணக்கெடுக்கிறோம். வயலின் இல்லை, ஆங்கிலம் இல்லை, பாட்டு வாத்தியார் இல்லை. மாதங்கியிடமும் இவை இருக்கவில்லை. இருந்தவை எவை? ஊரில் இல்லாத தந்தையின் பெயர், ஊசி பிடித்த தாயின் பெயர், ஒதுக்கப்பட்ட ஒரு மேளம், இரவல் வாங்கிய ஒரு பெட்டி. இவற்றுள் ஒன்றையேனும் அவர் 'மட்டுந்தான்' என்று சொல்லவில்லை. திறமையும் உழைப்பும் காலமும் கூடிவந்தமையால் அவர் உலகப் புகழ் பெற்றார். எல்லார்க்கும் அது வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்பதுமில்லை. ஆனால் தன் வீட்டில் இருப்பதை வெட்கமின்றிப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

இவ்வாண்டு விழாவுக்கான படிவத்தை மறுபடியும் நாமே எழுதினோம். வாத்தியங்களின் வரிசையில் ஆறாவதாகத் 'தப்பு' என்று சேர்த்தோம். படிவங்கள் திரும்பி வந்தபோது அதற்கு நேரே மூன்று பெயர்கள் இருந்தன. முதற் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. "உன் அப்பா வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாரா, தம்பி?" என்று அவனிடம் கேட்டோம். "மேடைக்கெல்லாம் வர அப்பா கூச்சப்படுவாங்க சேர். கேட்டுப் பார்க்கிறேன்" என்றான்.

வருவாரோ, வாராரோ, அறியோம். வந்தால், அவருக்குரிய நாற்காலி ஆசிரியர்களின் வரிசையிலேயே இடப்படும்.